சித்தப்பாவின் இரும்புச் சைக்கிளும் 17 வளைவுகளும்

கேரளாவின் இடுக்கி மலையில் இருக்கும் பூப்பாறையில், சித்தப்பா வீட்டு விறகுக் கொட்டகையில் அந்தச் சைக்கிள் பல வருஷமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே காலி ஏலக்காய்ச் சாக்குகள், மருந்தடிக்கிற உடைந்த பம்பு, ஒரு ஜீப் டயர். 1998-ல் சித்தப்பா மூணாறில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே மலைமலையாகச் சுற்றிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது சித்தப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. என்ன கம்பெனி என்று யாருக்கும் தெரியாது. நடுவில் யாரோ பச்சை பெயின்ட் அடித்துவிட்டார்கள். சீட்டுக்குக் கீழே வரும் குழாயில், காற்றடிக்கும் பம்பின் கிளிப் மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கர் தப்பியிருந்தது. 'டாங்கே' என்று ஜப்பானியக் குழாய்க் கம்பெனியின் பெயர். அதன் கீழே குரோமோலி, டபுள் பட்டட்.

அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் அதைப் போடிக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பா தடுக்கவில்லை. "கொண்டு போப்பா. ஆனா இத வச்சு போடிமெட்டு ஏற முடியாது. நானே புலியூத்துக்கு மேல தள்ளிக்கிட்டுத்தான் வருவேன்" என்றார்.

குரோமோலி என்பது இரும்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குரோமியமும் அதைவிடக் கொஞ்சமாக மாலிப்டினமும் சேர்ந்த உலோகம். பலம் கூடுதல் என்பதால் குழாயை மெல்லியதாக இழுக்க முடியும். டபுள் பட்டட் என்றால் குழாயின் இரண்டு முனைகளும் தடிமனாக இருக்கும், நடுப்பகுதி அதைவிட மெல்லியது. சூடு காட்டி ஒட்டுகிற இடத்தில் சதை வேண்டும், நடுவில் வேண்டியதில்லை. நகத்தால் சுண்டிப் பார்த்தால் காதுக்கே தெரிகிறது: முனையில் மந்தமாக ஒரு சத்தம், நடுவுக்குப் போகப் போகக் கணீரென்று. மழைக்காலத்தில் பூப்பாறைக் கொட்டகையில் கிடந்த இரும்பு இப்படிக் கணீரென்று பேசியது எனக்குப் பெரிய நிம்மதி. உள்ளே துருத் தின்றிருந்தால் அந்தச் சத்தம் வராது.

போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் இடுக்கி மலைக்கும் நடுவில் இருப்பது ஒரே சாலைதான். விடியுமுன்னே தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள், சாயங்காலம் அதே ஜீப்புகள் கீழே. முந்தல் சோதனைச் சாவடி தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அப்புறம் போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளா. என் சைக்கிளில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை இந்தச் சாலையைக் கேட்டுத்தான் முடிவு செய்தேன். புதுச் சாமான் எது என்று பார்த்து வாங்கப் போனால் முடிவே இருக்காது.

மலைச் சைக்கிள் என்ற ஒன்று பிறந்ததே இப்படித்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து மலைகளில், சில இளைஞர்கள் 1930, 40-களின் பழைய இரும்புச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். தடித்த 26 அங்குல டயர் போட்ட, கனமான, யாரும் சீண்டாத சைக்கிள்கள். மண் பாதையில் அவற்றை உருட்டிவிட்டு இறங்குவார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் பிடிக்கிற பிரேக்குதான் அதில் இருந்தது. ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் கருகிப் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர். முதல் பந்தயம் 1976 அக்டோபரில். நல்ல பிரேக் வேண்டும் என்று டிரம் பிரேக் போட்டார்கள், ஏற வேண்டும் என்று கியர் மாட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் இதற்கென்றே குரோமோலிக் குழாயில் புது ஃபிரேம் செய்தது அதற்குப் பிறகுதான். பழைய இரும்பில் அன்றைய புதுச் சாமானைக் கோத்துக் கோத்து உருவான சைக்கிள் இது. 26 அங்குலச் சக்கரமும் அந்தப் பழைய சைக்கிள்களிலிருந்து வந்த சொத்துதான்.

சரி, சித்தப்பா ஏன் தள்ளினார்? முன்னால் 46, 36, 26 பல் என்று மூன்று பல்சக்கரம். பின்னால் ஏழு, பெரியது 30 பல். ஆக இலேசான கியரில் முன்னால் 26, பின்னால் 30. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 1.8 மீட்டர் போகும். பத்து நிமிஷ ஏற்றத்துக்கு அது போதும். இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் போதாது, அதுவும் பின்னால் சாமான் கட்டியிருந்தால். இன்றைக்கு மலைச் சைக்கிள்களில் முன்னால் ஒரே பல்சக்கரம். 2012-ல் ஸ்ராம் கம்பெனி கொண்டுவந்த முறை இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. முன் பல்சக்கரத்தின் பற்கள் ஒன்று அகலம், ஒன்று குறுகல் என்று மாறி மாறி இருக்கும். செயின் கண்ணியும் அப்படித்தான் என்பதால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் டீரெய்லருக்குள் ஒரு கிளட்ச், செயின் துள்ளாமல் இழுத்து வைக்கும். முன் கியர் மாற்றியும் அதன் கேபிளும் லிவரும் போய்விடுகின்றன.

நான் எடுத்தது மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் என்ற கியர் செட், ஒன்பது கியர், பின்னால் 11 முதல் 42 பல். 12 கியர்தானே இப்போது என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு வேண்டியது கடைசிப் பல்சக்கரத்தின் அளவு. நடுவில் எத்தனை படி என்பது இரண்டாம்பட்சம். ஒன்பது கியர் செயின் எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. முன்னால் 32. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே. காகிதத்தில் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றும். பன்னிரண்டாவது வளைவில் முழங்காலிடம் கேளுங்கள்.

முன்னால் அந்த 32 போடுவதற்கு, பெடல் மாட்டும் பழைய கிராங்க் இடம் தரவில்லை. அதில் ஐந்து போல்ட் 110 மில்லிமீட்டர் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் 33 பல்லுக்குக் கீழே பல்சக்கரமே வராது. புதுக் கிராங்க், புது அச்சு. இங்கேதான் பழைய ஃபிரேமின் அருமை தெரிந்தது. கிராங்க் அச்சு நுழைகிற குழாயின் அகலம் 68 மில்லிமீட்டர், மரை பி.எஸ்.ஏ. மரை. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரில் நிலைத்த அளவு அது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளை நாமெல்லாம் ஓட்டியிருக்கிறோமே, அதே மூன்று எழுத்து. நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த மரையில் இன்றைய வெளிப்பக்க பேரிங் கப்பு அப்படியே ஏறுகிறது.

ஏற்றுவதற்கு முன் பழையதைக் கழற்ற வேண்டும். அரை நாள் போராடினேன். வலது பக்கக் கப்பு தலைகீழ் மரை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் வழக்கமான பக்கமே திருப்பி இன்னும் இறுக்கிவிட்டேன். கடைசியில் பெரியாண்டவர் கோயில் பக்கத்தில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் விட்டுச் சாய்த்து வைத்தார். "காலைல வாங்க தம்பி. இரும்பு ராத்திரி குடிக்கட்டும்" என்றார். காலையில் போனபோது ஃபிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று, உடம்பின் கனத்தை மெதுவாக இறக்கினார். டக் என்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி செம்மண்ணும் உதிர்ந்த பால்ரஸும் வந்தன.

சீட்டுக் கம்பி இன்னும் மோசம். அலுமினியக் கம்பி இரும்புக் குழாய்க்குள் பல வருஷம் நனைந்து கிடந்தால் இரண்டும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். உப்புப் பூத்து இடைவெளியே இருக்காது. மூன்று நாள் எண்ணெய் விட்டோம், சுடுதண்ணீர் ஊற்றினோம், அசையவில்லை. அண்ணன் கடைசியில் கம்பியை மேலே அறுத்துவிட்டு, ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் ஒரு கோடு கிழித்தார். குழாயைத் தொடாமல் கம்பியை மட்டும் அறுப்பது கண்ணால் செய்கிற வேலை இல்லை, விரலால் செய்கிற வேலை. நான்கு தடவை நிறுத்தி, தூளைத் தட்டி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு இடுக்கியால் சுருட்டி இழுத்தபோது அது தகரம் போல மடங்கி வந்தது. பழைய சைக்கிள் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சீட்டுக் கம்பி அசைகிறதா என்று பாருங்கள், பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது பின்சக்கரம். பழைய ஹப் 130 மில்லிமீட்டர் அகலம். ஒன்பது கியர் ஏற்கும் புது ஹப் 135. அலுமினிய ஃபிரேமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், விரித்தால் வெடிக்கும். இரும்பு வளையும், வளைந்த இடத்தில் நிற்கும். ஆனால் சும்மா நிற்காது. மரை போட்ட நீளக் கம்பி ஒன்றை ஆக்ஸில் உட்காரும் இரண்டு காதுகளுக்கும் நடுவில் மாட்டி, நட்டைத் திருப்பி விரித்தோம். 145 வரை விரித்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. 150 தாண்டியும் அதே கதை. இன்னும் கொஞ்சம் போனபிறகுதான் அது நம் பேச்சைக் கேட்டது. அளந்தால் 135.

அளவு சரி, மையம் சரியா? அதற்கு அண்ணன் சட்டைப் பையிலிருந்து தையல் நூல் எடுத்தார். வலது காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் நுழையும் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது காதில் கட்டினார். நூல் இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றது. சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தோம். வலது 33, இடது 36. இடது பக்கம் அதிகமாக விரிந்துவிட்டது. ஒரு தேக்குக் கட்டையைச் சட்டத்துக்கு நடுவில் கொடுத்து இடதை உள்ளே தள்ளி, வலதை வெளியே இழுத்து, திரும்ப நூல், திரும்ப அளவு. ஐந்தாவது தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. அண்ணன் நூலைச் சுண்டினார், வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்தது.

டீரெய்லர் தொங்குகிற காதும் உள்ளே வளைந்திருந்தது. ஒன்பது பல்சக்கரங்களுக்கு நடுவில் இருப்பது மிகக் குறுகிய இடம். இந்தக் காது ஒரு டிகிரி கோணினாலும் கியர் தாண்டித் தாண்டி விழும். அதற்கென்று அளவுகோல் உண்டு, எங்களிடம் இல்லை. ஆனால் அந்தக் காதின் மரையும் கழற்றி வைத்திருந்த பழைய பின்சக்கர ஆக்ஸிலின் மரையும் ஒன்றுதான், 10 மில்லிமீட்டர். பழைய சக்கரத்தையே அந்தக் காதில் திருகினோம். இப்போது பக்கத்து பக்கத்தில் இரண்டு சக்கரம். இரண்டு ரிம்முக்கும் நடுவிலுள்ள தூரம் மேலே, கீழே, முன்னே, பின்னே ஒன்றாக வரும்வரை சக்கரத்தையே கைப்பிடியாக வைத்து மெல்ல வளைத்தோம். இந்த ஒரு வேலைக்குப் பிறகு கியர் அமைக்க எனக்குப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை.

டயரில் ஒரு எச்சரிக்கை. 26 என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே அளவு கிடையாது. 26 × 2.1 என்று தசமத்தில் எழுதியது மலைச் சைக்கிளுக்கு, ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதியது வேறு சைக்கிளுக்கு, அது 590. கடையில் 26 என்று மட்டும் கேட்டால் இரண்டாவதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

பிரேக்கைத்தான் நான் மிக அதிகம் யோசித்தேன். ஏறுவது முழங்கால் பிரச்சினை, இறங்குவது உயிர்ப் பிரச்சினை. ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் பிடிக்கும் பழைய கேன்டிலிவர் பிரேக் ஈரத்தில் பிடிக்கவே பிடிக்காது. ஜூன் பிறந்தால் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஈரம் இல்லாத நாளே அபூர்வம். லேத்துப் பட்டறையில் டிஸ்க் பிரேக் மாட்ட ஒரு காது வைத்து ஒட்டித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். மெல்லிய குழாயின் நடுவில் சூடு காட்டுவது ஒரு பயம். அந்தக் குழாயும் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் டிஸ்க்கின் இழுவையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஷிமானோ கம்பெனி 1996-ல் கொண்டுவந்த வி-பிரேக், கேன்டிலிவர் உட்காரும் அதே இரண்டு குமிழ்களில் உட்கார்ந்துகொள்ளும். கைகள் நீளம், பிடி அதிகம். மாட்டினேன். மாட்டியவன் லிவரை மாற்றவில்லை, பழைய லிவரே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். முந்தல் சரிவில் முதல் தடவை அழுத்தியபோது லிவர் ஹேண்டில் பாரைத் தொட்டுவிட்டது, சைக்கிள் நிற்கவில்லை. ஓரத்து மண்ணில் காலை ஊன்றி நிறுத்தினேன். வி-பிரேக்குக்குக் கேபிள் ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அதற்கென்றே செய்த லிவர் வேண்டும், பழையது அவ்வளவு இழுக்காது. பிரேக்கையும் லிவரையும் ஒரு ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குக் கை நடுக்கத்தோடு கற்றுக்கொண்டேன். தயவுசெய்து இதை யாரும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

ஃபோர்க்கை மாற்றவில்லை. சஸ்பென்ஷன் போடச் சொல்லாதவர்களே இல்லை. ஆனால் இந்த ஃபிரேம் நீளம் குறைந்த இரும்பு ஃபோர்க்குக்காக வரையப்பட்டது. 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் போட்டால் முன்பக்கம் ஆறு, ஏழு சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் கோணம் சாய்ந்துவிடும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். பழைய ஃபோர்க்கே இருக்கட்டும் என்று, அதற்குள் ஒரு அடாப்டர் இறக்கி, அகலமான புது ஹேண்டில் பார் மட்டும் போட்டேன். அகலம் கூடியதும் ஏற்றத்தில் நெஞ்சு விரிந்து மூச்சு நன்றாக வாங்க முடிகிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

குழாய்க்குள் துரு பிடிக்காமல் இருக்க பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்தேன். உள்ளே மெல்லிய தோலாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஊற்றுமுன் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. அதற்குச் சித்தப்பாதான் வழி சொன்னார். பூப்பாறையில் காய் உலர்த்தும் ஸ்டோரில் கடைசி ஈடு இறக்கிய பிறகு, சூடு ஆறாத அறையில் ஒரு ராத்திரி தொங்கவிட்டோம். காலையில் கதவைத் திறந்தபோது இரும்பைத் தொட்டால் கதகதப்பாக இருந்தது, பச்சை பெயின்ட்டில் ஏலக்காய் வாசனை. பெயின்ட்டை மாற்றவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருட்டோடு கிளம்பினேன். முந்தலில் ஜீப்புகள் வரிசையாக என்னைத் தாண்டிப் போயின. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காக்கள் கை காட்டினார்கள். நான்காவது வளைவிலேயே 42-க்கு வந்துவிட்டேன், அதற்காக வருத்தமில்லை, அதற்குத்தான் அது இருக்கிறது. வேகம் ஆறு கிலோமீட்டருக்குப் பக்கம். செயினில் சத்தமே இல்லை. புலியூத்துக்கு மேல் சித்தப்பா தள்ளுகிற இடம் வந்தது, கால் ஊன்றாமல் கடந்தேன். பதினேழாவது வளைவு முடிந்ததும் மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. மெட்டில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா பூப்பாறையிலிருந்து வந்து சேர்ந்தார். ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தார், பின் பல்லைத் தடவினார், இரண்டு லிவரையும் அழுத்திப் பார்த்தார். "எங்கேயும் எறங்கலையா?" என்றார். இல்லை என்றேன். ஏறி உட்கார்ந்து பூப்பாறைப் பக்கம் ஓட்டிப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

இறங்கும்போது பாதியில் தூறல் பிடித்தது. புலியூத்தில் நிறுத்தி ரிம்மைத் தொட்டேன். சூடாக இருந்தது, ஆனால் விரல் வைத்திருக்க முடிந்தது. பிரேக் கட்டையில் ஈரத்தோடு கருப்பு மாவாக ஒட்டியிருந்தது, நடுவில் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்குகள் இரண்டு மின்னின. விட்டால் ரிம்மை அறுக்கும். சட்டையில் இருந்த ஊக்கை எடுத்து, ஜீப் ஒன்று தாண்டிப் போகும்வரை ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துவிட்டு மறுபடி இறங்கினேன்.